நாலு கொம்பு வைஃபை

எதையும் பராமரிக்கும் வழக்கம் எனக்குக் கிடையாது. இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது, அது செத்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வரும். வைஃபை பெட்டிக்கு நான் அறிந்த வைத்தியம் ஒன்றே: பிளக்கைப் பிடுங்கு, பத்து எண்ணு, மறுபடி சொருகு. வீட்டில் இதற்குச் சிரிக்கிறார்கள். 2018 மே மாதம் 54 நாடுகளில் ஐந்து லட்சம் பெட்டிகளை ‘விபிஎன்ஃபில்டர்’ என்ற கிருமி பிடித்தபோது, அமெரிக்க எஃப்.பி.ஐ.யே சொன்ன முதல் வைத்தியம் அதுதான். யார் கேட்கிறார்கள்?

பெட்டி அதற்கும் மசியாமல் போகவே, புதிது வாங்க ஆரணிக்கு பஸ் ஏறினோம். சேலைக் கடைக்குப் போகிற வழியில் இதையும் முடித்துவிடலாம் என்று மனைவி கூட வந்தாள்.

“நாலு கொம்பு சார், ரேஞ்ச் பிச்சுக்கும்” என்றான் கடைப் பையன். நான் கொம்புகளை எண்ணிப் பார்த்துத் தலையாட்டினேன். அவளோ, பட்டுச் சேலையானாலும் உள்பக்கம் புரட்டி ஊடை பார்க்காமல் வாங்காதவள். பெட்டியைக் கவிழ்த்தாள். அடியில் ஸ்டிக்கர்: யூசர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின்.

“எல்லாப் பெட்டியிலயும் இதேதானா தம்பி?”

“இந்த மாடல்ல எல்லாமே அதான்க்கா.”

“அப்போ ஊர்ல எல்லார் வீட்டுக்கும் ஒரே சாவியா?”

2016-இல் ‘மிராய்’ கிருமி பயன்படுத்திக்கொண்டது இந்தப் பொதுச்சாவியைத்தான். கம்பெனி போட்டு அனுப்பும் அறுபது சொச்சம் பெயர்–பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் வளைத்தது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் இப்படிப் பொதுச்சாவி வைத்து விற்கக் கூடாது. எத்தனை காலம் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்றும் கம்பெனி சொல்லியாக வேண்டும். என் பங்குக்கு இதைப் பையனிடம் எடுத்துவிட்டேன்.

“இது ஆரணி சார்” என்றான்.

“அப்டேட் தானா ஏறுமா, இவர் போடணுமா?” என்று அடுத்துக் கேட்டாள். என்னை அறிந்தவள் கேட்கும் கேள்வி. நாலு கொம்பில் நாமே போட வேண்டுமாம். ரெண்டு கொம்பில் ராத்திரியில் தானே ஏறிக்கொள்ளுமாம். ரெண்டு கொம்பையே வாங்கினோம்.

மாட்டிய அன்றே மகள், பாஸ்வேர்டு அடிக்காமல் பின் எண் போட்டே வைஃபையில் சேரவிடும் டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைத்தாள். அதன் எட்டு இலக்க பின்னை இரண்டு பாதியாகத்தான் பெட்டி சரிபார்க்கும். அதனால் 11,000 முயற்சிக்குள் திறந்துவிடும் என்று 2011-லேயே கண்டுபிடித்துவிட்டார்களாம். வெளியிலிருந்து பெட்டியை ஆட்டிவைக்கும் வசதியையும் மூடினாள். பிறகு வைஃபையை இரண்டாகப் பிரித்து, எங்களுக்குக் ‘கூடம்’, வந்து போகிறவர்களுக்குத் ‘திண்ணை’ என்று பெயர் வைத்தாள்.

எதிர்வீட்டுத் தறிக்காரர் நெய்து முடித்த முந்தானையைப் படம் பிடித்துக் கடைக்கு அனுப்ப எங்கள் வைஃபைக்குத்தான் வருவார். போனில் இரண்டு பெயரையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஏன்ணே, இத்தனை வருஷப் பழக்கம், என்னைக் கூடத்துக்குள்ள விடமாட்டீங்களா?”