மெனுவில் அச்சாகாதவர்கள்

நான் அமெரிக்காவுக்கு வந்த புதிதில், ரயில் பழம்பொருள் சந்தைகளில் டைனிங் கார் மெனு அட்டைகளை யாரும் சீண்டமாட்டார்கள். விளக்கு, மணி, டிக்கெட்டில் துளையிடும் கருவி இவற்றுக்குத்தான் கூட்டம். மெனுக்கள் அட்டைப்பெட்டியில் குவிந்து கிடக்கும். ஒரு டாலர், இரண்டு டாலர் கொடுத்து அள்ளிக்கொள்ளலாம். சாப்பிட்டு எழுந்த பயணி, ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று சும்மா எடுத்துப்போன அட்டைகள்தானே! இன்று அதே அட்டைக்கு ஏலத்தில் போட்டி. அதில் அச்சடித்த முழுச் சாப்பாட்டு விலையைப்போலப் பல மடங்கு கொடுத்தால்தான் கைக்கு வருகிறது.

கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் மெனுக்களைக் கையில் எடுத்தால் எனக்கு வைக்க மனம் வராது. முகப்பில் வினோல்ட் ரைஸ் தீட்டிய பிளாக்ஃபீட் பழங்குடியினரின் உருவப்படங்கள், அவ்வளவு உயிரோடு. நார்தர்ன் பசிபிக்கின் பெருமையோ உருளைக்கிழங்கு. யாக்கிமா பள்ளத்தாக்கில் விளைந்த கிழங்கு அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கிறதென்று விவசாயிகள் பன்றிக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். டைனிங் கார் பிரிவின் தலைவர் ஹேசன் டைட்டஸ் 1909-இல் அதையே சுட்டு, வெண்ணெய் வைத்து மேசைக்குக் கொண்டுவந்தார். ஒன்று கிட்டத்தட்ட ஒரு கிலோ. அந்த ரயில்வேக்கு அதுவே அடையாளமாகிப்போனது. சான்டா ஃபே ரயில்வேயின் சூப்பர் சீஃப் ரயிலுக்காக மேரி கோல்டர் வடிவமைத்த பீங்கான் தட்டுகளும் உண்டு. பழைய மிம்ப்ரெஸ் மண்பாண்டங்களிலிருந்து எடுத்த பறவைகளும் விலங்குகளும் அவற்றில் ஓடும். அவற்றின் இன்றைய விலை எனக்கு எட்டாது.

இவ்வளவு செய்தும் டைனிங் கார் நஷ்டத்தில்தான் ஓடியது. சாப்பாட்டுக்காகப் பயணி தங்கள் ரயிலைத் தேர்ந்தெடுப்பார் என்று நிறுவனங்கள் தெரிந்தே அந்த நஷ்டத்தைத் தாங்கின. காரும் விமானமும் பயணியைக் கொண்டுபோன பிறகு அந்தக் கணக்கு உதவவில்லை. 1971 மே 1 அன்று பயணி ரயில்களை நடத்தும் பொறுப்பை ஆம்ட்ராக் நிறுவனம் ஏற்றது. 2019-இல் அதன் கிழக்குப் பகுதி இரவு ரயில்கள் பலவற்றில் பெட்டியில் அடைத்த, சூடாக்கித் தரும் உணவு வந்தது.

அந்தக் காலத்தில் நான் உணவுப் பெயர்களையும் ஓவியங்களையும் பார்த்துச் சேர்த்தேன். இப்போது முதலில் அட்டையின் அடிப்பகுதியைப் பார்க்கிறேன். அங்கே டைனிங் கார் கண்காணிப்பாளரின் பெயர் இருக்கும். குறுகலான சமையலறையில், ஆடும் ரயிலில், அடுப்புச் சூட்டில் நின்று சமைத்தவர் பெயர் இருக்காது. பெரும்பாலும் அவர் கறுப்பினத்தவர், பரிமாறியவரும் அப்படியே. பயணியே பென்சிலால் எழுதிக் கொடுத்த உணவுச் சீட்டிலும் பரிமாறியவருக்கு எண்தான். இதனால்தான் ரூஃபஸ் எஸ்டெஸின் சமையல் புத்தகத்தை என் அலமாரியில் மெனுக்களுக்கு மேலே வைத்திருக்கிறேன். அடிமையாகப் பிறந்து, புல்மன் ரயில்பெட்டிகளில் சமைத்தவர், 1911-இல் தம் பெயரையே தலைப்பில் சேர்த்து அதை வெளியிட்டார்.

சதர்ன் ரயில்வேயின் மெனு ஒன்றும் என்னிடம் உண்டு. 1942 மே மாதம் அந்த நிறுவனத்தின் ரயில் ஒன்றில் எல்மர் ஹெண்டர்சன் என்ற அரசு ஊழியர் சாப்பிடப் போனார். கறுப்பினத்தவருக்கென்று சமையலறையை ஒட்டித் திரைபோட்டு ஒதுக்கும் மேசைகளில் வெள்ளையர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் இருக்கை காலியாக இருந்தும் அவருக்குக் கொடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தும், அந்தப் பெட்டியைக் கழற்றும்வரை அவருக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை. வழக்குத் தொடுத்தார். 1950 ஜூன் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. மெனுவில் சூப் முதல் காபிவரை எல்லாம் இருக்கிறது. திரை மட்டும் இல்லை.

தீர்ப்பின் நகல் ஒன்றை எடுத்து, அந்த மெனு இருக்கும் உறையிலேயே வைத்திருக்கிறேன். என் மகளிடம் சொல்லிவிட்டேன்: மற்றதையெல்லாம் உன் இஷ்டப்படி விற்கலாம், கொடுக்கலாம், இந்த இரண்டையும் மட்டும் பிரிக்காதே, விற்றாலும் ஒன்றாகவே விற்க வேண்டும்.