எரிமலைக்குப் போகும் டிராம்

மலையேறினேன் என்று ஊரில் போய்ச் சொல்லிக்கொள்ள வேண்டுமானால் சில விஷயங்கள் அமைய வேண்டும். மூச்சு முட்ட வேண்டும். வழி தவற வேண்டும். உச்சியில் நம்மைத் தவிர ஈ, காக்கை இருக்கக் கூடாது. ஜெர்மனியில் பான் நகருக்குத் தென்கிழக்கே, ரைன் நதியின் வலக்கரையில் இருக்கும் சீபன்கெபிர்க மலைத்தொடரில் முதலாவது தாராளமாகக் கிடைக்கும். இரண்டாவது கொஞ்சம் முயன்றால் கிடைக்கும். மூன்றாவதை மறந்துவிட வேண்டியதுதான். எந்த உச்சிக்குப் போனாலும் எழுபது வயதுப் பாட்டி ஒருவர் நமக்கு முன்பே வந்து உட்கார்ந்து, பிளம்ஸ் கேக்கை முள்கரண்டியால் நிதானமாக வெட்டிக்கொண்டிருப்பார். அவர் தலைமுடிகூடக் கலைந்திருக்காது.

இத்தனைக்கும் இவை எரிமலைகள். பெயரில் ஏழு மலை இருக்கிறது, எண்ணப் போனால் நாற்பதுக்கு மேல் தேறும். எல்லாவற்றிலும் உயரமானது குரோஸர் யோல்பெர்க், 460 மீட்டர். அடிவாரத்துக்குப் போக 66-ஆம் எண் டிராம். எரிமலைக்கு டிராமில் போகிறவனை எந்த வீரர்கள் சங்கத்திலும் சேர்க்க மாட்டார்கள்.

திருநெல்வேலியிலிருந்து என் மனைவியின் தம்பி வந்திருந்தான். பொதிகையில் 1,868 மீட்டர் அகத்தியர்கூடம் ஏறியவன். எரிமலை என்று நான் சொன்னதை நம்பி ஊன்றுகோல்கள், நெற்றி விளக்கு, குளுக்கோஸ் பொட்டலம், அக்கா கட்டிக் கொடுத்த புளியோதரை சகிதம் புறப்பட்டுவிட்டான். டிராம் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "அத்தான், மல எங்க?" என்றான்.

"அதோ பச்சையா தெரியுதுல்லா மாப்ள, அதான்."

"அது தோப்பு மாதிரில்லா இருக்கு!"

தோப்புதான். பீச், ஓக் மரங்கள் அடர்ந்து நிற்பதால் மலையின் முதுகுகூட வெளியே தெரியாது. நெருப்பெல்லாம் இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சங்கதி. முதலில் பெரும் வெடிப்புகள் நடந்து அந்த வட்டாரம் முழுக்கச் சாம்பல் படிந்தது. அதற்குப் பிறகு கீழிருந்து கிளம்பி வந்த பாறைக்குழம்பில் பெரும்பகுதி அந்தச் சாம்பலைத் தாண்ட முடியாமல், பந்தியில் இடம் கிடைக்காத விருந்தாளியைப் போல வாசலிலேயே நின்று இறுகிவிட்டது. மேலே கிடந்த சாம்பலை மழையும் ஆறும் அரித்துக்கொண்டு போன பிறகுதான் உள்ளே நின்றவர்கள் வெளியே தெரிந்தார்கள். அவர்கள்தான் இன்றைய குன்றுகள். வெடிக்கத் துணியாமல் நின்றதையெல்லாம் எரிமலை என்று சொல்லலாமா என்று மைத்துனன் கேட்டான். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகிறவன் குரல் அது.

கோனிக்ஸ்விண்டரில் இறங்கினால் டிராக்கன்ஃபெல்ஸ் ஆரம்பிக்கிறது. 321 மீட்டர். ஸிக்ஃப்ரிட் என்ற வீரன் டிராகனைக் கொன்று அதன் ரத்தத்தில் குளித்த இடம் என்பது கதை. டிராகன் இருந்தால் நமக்கும் ஒரு கௌரவம். ஆனால் 1883 முதல் உச்சிக்கு ரயில் ஓடுகிறது. தண்டவாளத்தின் நடுவில் பற்சட்டம் வைத்த ரயில், நம் ஊட்டி ரயிலுக்கே மூத்தது. ரயில் வருவதற்கு முன்பு சுற்றுலாக்காரர்களைக் கழுதைகள் சுமந்து போயின. நடந்து ஏறுவது என்பது இந்த மலையில் என்றுமே நாகரிகமான பழக்கமாக இருந்ததில்லை போலும்.

ஹாலந்திலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருவதால், "ஹாலந்தின் மிக உயரமான மலை" என்று டிராக்கன்ஃபெல்ஸை இங்கே கேலி செய்வார்கள். ஹாலந்தின் நிஜமான உச்சியான வால்ஸர்பெர்க் 322 மீட்டர். கேலி செய்கிறவர்களின் மலைதான் ஒரு மீட்டர் குட்டை. இதை நான் என் அலுவலகத்தில் எடுத்துச் சொன்ன அன்று காபி அறையில் நிலவிய அமைதி எனக்குப் பிடித்திருந்தது.

பாதி வழியில் ஒரு கோட்டை. கூர்கூரான கோபுரங்கள், வர்ணக் கண்ணாடிகள் எல்லாம் பார்த்து, எத்தனை யுத்தம் கண்டதோ என்று நினைப்போம். ஒன்றும் கிடையாது. பங்குச் சந்தையில் பணம் குவித்த ஸ்டெஃபான் சார்ட்டர் என்பவர் 1882-இல் தொடங்கி 1884-க்குள் கட்டி முடித்தது. கட்டிவிட்டு அவர் ஒரு நாளும் குடியிருக்கவில்லை, பாரிஸிலேயே இருந்துவிட்டார். "நம்ம ஊர்லயும் துபாய்க்காரங்க இப்படித்தான அத்தான் பங்களாவக் கட்டிப் பூட்டிப் போட்டிருக்காங்க" என்றான் மைத்துனன். சீபன்கெபிர்கவில் அவனுக்குப் பிடிபட்ட முதல் விஷயம் அதுதான்.

உச்சிப் பாறையை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறக் கல்லுக்குள் வெள்ளை வெள்ளையாக, விரல் நீளத்துக்குப் பட்டையான படிகங்கள். சானிடின் என்று பெயர். பெரும்பாலும் ஒரே திசை பார்த்துப் படுத்திருக்கும். குழம்பு எந்தப் பக்கம் நகர்ந்ததோ அந்தப் பக்கம் திரும்பி, அப்படியே உறைந்துபோனவை. டிராக்கைட் எனப்படும் இந்தக் கல்லை ரோமானியர் காலத்திலிருந்தே வெட்டினார்கள். 1248-இல் கட்டத் தொடங்கிய கொலோன் பேராலயத்தின் பழைய பகுதிக்கு இங்கிருந்துதான் படகில் கல் போயிற்று. வெட்டின வெட்டில் உச்சியில் இருந்த பழைய கோட்டையே சரிய ஆரம்பித்ததும் ஊர் கூச்சல் போட்டது. 1836-இல் பிரஷ்ய அரசு குவாரியை விலைக்கு வாங்கி மூடியது. ஜெர்மனியில் இயற்கைப் பாதுகாப்பு இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். எனக்கென்னவோ மரம், பறவைமேல் வைத்த கருணையைவிட, இடிந்த கோட்டையை வைத்து எழுதப்பட்ட கவிதைகள்மேல் வைத்த கருணைதான் அதிகம் என்று படுகிறது. எப்படியோ மலை மிஞ்சியது.

பக்கத்திலிருக்கும் வோல்கன்புர்க்குக் கவிஞர்கள் வாய்க்கவில்லை. அதன் உச்சியையும் உச்சியிலிருந்த கோட்டையையும் சேர்த்தே வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்றைக்கு அது மேல்பாதி இல்லாத மலை. மிச்சமும் காப்புப் பகுதிக்குள் வருவதால் குறித்த பாதையை விட்டு இறங்கக் கூடாது. இல்லாத உச்சிக்குப் போகவும் தடை. கீழே நின்றபடி அண்ணாந்து பார்த்து, ஏறியதாகக் கணக்கில் எழுதிக்கொண்டோம்.

பீட்டர்ஸ்பெர்க் வேறு ரகம். அங்கே உச்சி முழுவதும் ஓட்டல். போருக்குப் பின் நேசநாட்டு உயர் ஆணையர்கள் இங்கே உட்கார்ந்துதான் மேற்கு ஜெர்மனியை மேற்பார்வையிட்டார்கள். 1949 செப்டம்பரில் புதிய சான்ஸலர் அடனவர் அவர்களைப் பார்க்கப் போனபோது, கம்பளத்தின்மேல் ஆணையர்கள் மட்டுமே நிற்பதாக ஏற்பாடு. அடனவர் சத்தமில்லாமல் தானும் கம்பளத்தில் ஏறி நின்றுவிட்டார். மலையடிவாரத்து ரோன்டோர்ஃப்காரர், உள்ளூர்க் குசும்பு. 1973-இல் வந்த பிரெஷ்னெவுக்குப் புது மெர்சிடிஸ் ஒன்று பரிசாகக் கிடைத்தது. உடனே எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் விரட்டி அடிபட வைத்தார் என்கிறார்கள். இந்த மலைத்தொடர் ஆபத்தானது என்பதற்கு நான் மைத்துனனிடம் காட்ட முடிந்த ஒரே சான்று அதுதான்.

வழி தவறும் பாக்கியம் நோன்னன்ஸ்ட்ரோம்பெர்க்கில் வாய்த்தது. அதன் அடியில் ஹைஸ்டர்பாக் மடாலயத்தின் இடிபாடு இருக்கிறது. அந்த மடத்துத் துறவி ஒருவர் காலத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே காட்டுக்குள் போய்க் கண்ணயர்ந்தாராம். திரும்பி வந்தால் முந்நூறு வருஷம் ஓடிப்போயிருந்ததாம். எங்களுக்கு ஒரு டிராம்தான் ஓடிப்போயிருந்தது. அத்தனை மரத்திலும் பாதைக் குறி வரைந்து வைத்திருக்கும் நாட்டில் காணாமல் போவதற்கும் ஒரு திறமை வேண்டும்.

லோர்பெர்க் 432 மீட்டர் என்கிறது வரைபடம். காட்டுக்குள் நடக்கிறோம், நடக்கிறோம், எது உச்சி என்றே தெரியவில்லை. இந்த மேடுதான் என்று நான் சொல்ல, அந்த மேடு என்று அவன் சொல்ல, இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு முழம் இருந்தால் அதிகம். நாயோடு வந்த பெரியவரைக் கேட்டோம். அவர் நாங்கள் வந்த வழியைக் கைகாட்டி, கால் மணி நேரத்துக்கு முன்பே தாண்டிவிட்டீர்கள் என்றார். நாய் எங்களைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

லோவன்புர்க்கில் இடிந்த கோட்டையும் நல்ல காற்றும் இருந்தன. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

யோல்பெர்க்கைக் கடைசிக்கு வைத்திருந்தோம். பெரியது என்ற மரியாதைக்காக. மைத்துனன் நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டான், பட்டப்பகலில். இந்த மலை பசால்ட், கறுத்த கல். கடைசிக் கட்டத்தில் ஏற்றம் நிஜமாகவே செங்குத்து. மைத்துனனுக்கு இரைத்தது. பொதிகை ஏறியவனுக்கே இரைக்கிறதே என்று நான் நின்று ரசிக்க நினைத்தேன், ஆனால் எனக்கு நிற்கவே முடியவில்லை, உட்கார்ந்துவிட்டேன். உச்சியில் உணவகம், குடை விரித்த மேஜைகள், தொலைவில் கொலோன் பேராலயத்தின் இரட்டைக் கோபுரம். பாட்டியும் இருந்தார். இந்தத் தடவை ஆப்பிள் கேக்.

வெளிச் சாப்பாடு மேஜையில் வைக்கக் கூடாது என்பதால், ஓரமாக ஒரு பாறையில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தோம். மைத்துனன் ஷூவைக் கழற்றிக் கொப்புளத்தை ஆராய்ந்தான். பிறகு, கேக்கும் குடையும் பாட்டியும் படாமல், வெறும் காடும் தானும் மட்டும் தெரிகிற மாதிரி கோணம் பார்த்து ஒரு படம் எடுத்து, "எரிமலை உச்சியில்" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டான்.

அரை நிமிஷத்தில் திருநெல்வேலியிலிருந்து என் மாமியாரின் குரல் செய்தி வந்தது. "ஏல, வெறுங்காலோடயா நிக்கே? தரை கொதிக்கும்ல, மொதல்ல செருப்ப மாட்டு! அத்தானையும் மாட்டச் சொல்லு!"