திமிங்கிலம் எந்தப் பக்கம்?

பள்ளிக்கூடம் மூடியதும் சென்னையில் பெற்றோர்களின் கேள்விகள் திறந்துகொள்கின்றன. பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது, எதைக் காட்டுவது, பாதியில் அழுதால் என்ன செய்வது? வாசகர்கள் கேட்டவற்றில் சிலவும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

இரண்டு நாள் பயணமாகத் திருநெல்வேலியிலிருந்து குடும்பத்தோடு வருகிறோம். எழும்பூர் மியூசியம், வண்டலூர், கிண்டி, முதலைப் பண்ணை, கோளரங்கம், மகாபலிபுரம், மெரினா எல்லாவற்றையும் எப்படி முடிப்பது?

முடிக்க வேண்டியது வீட்டுப்பாடம். ஊர் சுற்றுவதை அனுபவித்தால் போதும். அந்தப் பட்டியலில் ஐந்தைத் தயங்காமல் அடித்துவிடலாம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் மட்டும் ஆறு கட்டடங்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட காட்சிக்கூடங்கள் இருக்கின்றன. பெரியவர்களுக்கே கால் கடுக்கும். ஆறு வயதுப் பிள்ளையின் பொறுமை ஒன்றரை மணி நேரம் தாங்கினால் பெரிய விஷயம். காலையில் ஓர் இடம், மதியம் சாப்பாடும் தூக்கமும், சாயங்காலம் கடற்கரை என்று வைத்துக்கொண்டால் பிள்ளையும் சிரித்தபடி வரும், பெற்றோருக்கும் சண்டை வராது.

கிளம்பும் முன் வார விடுமுறையைப் பார்த்துவிடுங்கள். எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை, முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமை. பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்று பிள்ளையைச் சமாதானப்படுத்துவதுபோல் கடினமான வேலை வேறில்லை.

எழும்பூர் மியூசியத்துக்குள் போன பத்தாவது நிமிடமே மகன் "வீட்டுக்குப் போலாம்" என்கிறான். அவனுக்கு எதைத்தான் காட்டுவது?

நுழைந்ததும் திமிங்கிலம் எந்தப் பக்கம் என்று கேட்டு, நேரே விலங்கியல் பகுதிக்குப் போய்விடுங்கள். அங்கே இருக்கும் திமிங்கில எலும்புக்கூட்டுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் பிள்ளை வாயை மூட நேரமாகும். தலை முதல் வால் வரை எத்தனை எட்டு வருகிறது என்று அவனையே நடந்து அளக்கச் சொல்லுங்கள். அளந்தவனுக்கு அந்தப் பெரிய உடம்பு மறக்காது.

அடுத்தது அமராவதிச் சிற்பங்கள். பெரியவர்கள் கடமைக்கு எட்டிப் பார்த்துவிட்டு நகரும் இந்தக் கூடத்தில்தான் பிள்ளைகளுக்கான அருமையான படக்கதை ஒன்று கல்லில் இருக்கிறது. வட்டமான ஒரு பலகை. ஏறக்குறைய 1,800 ஆண்டுப் பழையது. ஒரு பக்கம் நளகிரி என்ற யானை மதம்பிடித்துத் தெருவில் ஓடி மனிதரைத் துதிக்கையால் தூக்கி வீசுகிறது. அதே வட்டத்தின் மறுபக்கத்தில் அதே யானை புத்தர் முன் மண்டியிட்டு அடங்கிக் கிடக்கிறது. மாடத்திலிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள். கதையைச் சொல்லாமல், "இங்கே எத்தனை யானை?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டு என்பான். "ஒன்றுதான்" என்றதும் பிள்ளை கல்லின் முன்னால் நின்றுவிடும். மீதிக் கதையை அவனே கண்டுபிடிப்பான்.

வெண்கலச் சிலைகளில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் நின்று கைகளை எண்ணச் சொல்லலாம். மூன்று வரும். சிவனின் பாதிக்கு இரண்டு, உமையின் பாதிக்கு ஒன்று. இடுப்பின் வளைவு, ஆடை என்று இரு பக்கமும் ஒவ்வொன்றாக வேறுபடுவதைப் பிள்ளை தானாகவே சொல்லத் தொடங்கும். சோழர் காலச் சிற்பிக்கு இதைவிட நல்ல ரசிகர் கிடைக்கமாட்டார்.

அவ்வளவு போதும். மீதிக் கூடங்கள் அடுத்த முறைக்கு. பழுதுபார்ப்பு வேலைக்காகச் சில கூடங்களை அவ்வப்போது மூடி வைப்பதுண்டு. டிக்கெட் வாங்கும்போதே எது திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஆதிச்சநல்லூர் தாழியைப் பார்த்த மகள், "இதுக்குள்ள ஆளை எப்படி வெச்சாங்க? ஏன் வெச்சாங்க?" என்று கேட்டாள். சாவைப் பற்றிக் குழந்தையிடம் பேசலாமா?

பேச வேண்டும். இவ்வளவு நல்ல கேள்விக்கு, "அதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று பதில் சொன்னால் அடுத்த கேள்வி வராது. தாமிரபரணிக் கரையில் வாழ்ந்தவர்கள், இறந்துபோன தங்கள் மனிதர்களைப் பெரிய மண்தாழிகளில் வைத்துப் புதைத்தார்கள். கூடவே பாத்திரங்களையும் இரும்புக் கருவிகளையும் வைத்தார்கள். போகிற இடத்தில் அவருக்கு எதுவும் குறையக்கூடாது என்ற அன்புதான் காரணம் என்று சொன்னால் குழந்தைக்குப் புரியும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டியெடுத்த பொருட்கள் எழும்பூருக்கு வந்து சேர்ந்தன. முதல் கேள்வி கேட்ட திருநெல்வேலிக் குடும்பம் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அவர்கள் ஊர்ப்பக்கத்துச் சொத்து அது.

வண்டலூரில் நடந்தே களைத்துப்போனோம். புலி தூங்கிக்கொண்டிருந்தது. டிக்கெட் காசு வீணா?

போன நேரம்தான் சரியில்லை. சித்திரை வெயிலில் நடுப்பகலில் புலியும் தூங்கும், சிங்கமும் தூங்கும். காலையில் கதவு திறக்கும்போதே உள்ளே இருந்தால் விலங்குகள் நடமாடுவதைப் பார்க்கலாம். பூங்காவின் பரப்பு 602 ஹெக்டேர். முழுவதையும் சின்னக் கால்கள் நடந்து தீர்க்க முடியாது. பேட்டரி வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள், தண்ணீரும் தொப்பியும் கையில் இருக்கட்டும்.

வரிசையில் நிற்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதையும் உண்டு. இந்த மிருகக்காட்சிசாலை 1855இல் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவரின் முயற்சியால் எழும்பூர் மியூசிய வளாகத்தில்தான் பிறந்தது. பிறகு சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985இல் வண்டலூரில் திறக்கப்பட்டது. பழைய சென்னைவாசிகள் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும் இதை உசிர் காலேஜ் என்றும் அழைத்தார்கள். இந்தப் பெயர்களைக் கேட்ட பிள்ளைகள் ஊருக்குத் திரும்பும் வரை சொல்லிச் சிரிப்பார்கள்.

முதலைப் பண்ணையில் ஒரு மணி நேரம் நின்றும் முதலை அசையவே இல்லை. "இது பொம்மை" என்கிறான் என் பேரன். என்ன பதில் சொல்வது?

அசையாமல் கிடப்பதுதான் அதன் திறமை என்று சொல்லுங்கள். முதலைக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். அதனால் வெயிலில் கிடந்து சூடேற்றிக்கொள்கிறது, அதிகமானால் வாயைத் திறந்து தணித்துக்கொள்கிறது. சக்தியைச் செலவழிக்காததால் நாள்கணக்கில் சாப்பிடாமலும் அதனால் இருக்க முடியும்.

ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கிய இந்தப் பண்ணையில் பேரனுக்கு இன்னொன்றும் காட்ட வேண்டும்: இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பின் விஷம் எடுக்கும் இடம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து, விஷத்தை எடுத்தபின் மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் போடும் ஊசிமருந்து இந்த விஷத்திலிருந்துதான் தயாராகிறது. தடம் பார்த்தே பாம்பு எந்தப் பொந்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் இந்த மனிதர்களின் அறிவு எந்தப் பாடப்புத்தகத்தின் அறிவுக்கும் குறைந்ததல்ல. பிள்ளைகள் அவர்களை வணக்கம் சொல்லிப் பார்க்கட்டும்.

பார்த்து வந்ததும் பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொல்லலாமா?

வேண்டவே வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளும் கலர் பென்சிலும் போதும். யானைக்கு ஆறு கால் போட்டாலும் திருத்தாதீர்கள்.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் எங்கள் தாத்தா. அவரும் கூட வர முடிகிற இடம் எது?

ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் ரயில் அருங்காட்சியகம். அங்கே அவர் வெறும் துணையாக வரமாட்டார், வழிகாட்டியே அவர்தான். 1955இல் ரயில்பெட்டி செய்யத் தொடங்கிய அதே தொழிற்சாலைதான் 2018இல் முதல் வந்தே பாரத் ரயிலையும் செய்தது. பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்த வண்டியிலிருந்து தாத்தாவுக்குத் தெரிந்த நீராவி எஞ்சினுக்குப் பேச்சு தானாக நகரும். பழைய எஞ்சின்களும் பெட்டிகளும் திறந்தவெளியில் நிற்கின்றன, மரநிழல் உண்டு, பிள்ளைகள் ஏறிச் சுற்ற சின்ன ரயிலும் உண்டு. இங்கேயும் திங்கட்கிழமை விடுமுறை.