கைக்கடிகாரத்தைச் சும்மா இருக்கவிடாமை: கும்மிடிப்பூண்டி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆட்டோமேட்டிக் வாட்ச் என்பது, கட்டியிருப்பவர் உழைக்கிறாரா என்று கண்காணிக்கும் கருவி. மணி காட்டுவது அதன் உபதொழில். கை ஆடினால் ஓடும். கை ஓய்ந்தால், முழுச் சாவி ஏறியிருக்கும் பட்சத்தில், ஏறத்தாழ 40 மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நின்றுவிடும். சனிக்கிழமை ஏ ஷிப்ட் முடிந்து பகல் 2 மணிக்குக் கழற்றி அலமாரியில் வைத்தால் அந்த 40 மணி நேரம் எப்போது தீர்கிறது? திங்கள் காலை 6 மணிக்கு. அதாவது அடுத்த ஏ ஷிப்டுக்குச் சங்கு ஊதும் நொடியில். வார விடுமுறையை இவ்வளவு துல்லியமாக அளந்து ஸ்பிரிங்கில் சுருட்டி வைத்தவர்கள் வாட்ச் செய்யும் ஜப்பானியர்களா, சிப்காட் தொழிற்பேட்டையின் பர்சனல் மேனேஜர்களா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது.

முன்னோர் கருத்துகளைப் பார்த்துவிடுவோம். 1770களில் சுவிட்சர்லாந்தின் லு லோக்கில் ஆபிரகாம் லூயி பெர்ரலே என்பவர், பையில் கிடந்தபடியே தனக்குத் தானே சாவி ஏற்றிக்கொள்ளும் கடிகாரத்தைச் செய்தார் என்பார்கள். பதினைந்து நிமிடம் நடந்தால் எட்டு நாள் ஓடும் என்று 1777-ல் ஜெனீவாவில் சான்று கூறப்பட்டது. இக்கணக்குப்படி, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கி சிப்காட்டுக்கு நடந்து போகிறவர் ஒரே நடையில் ஒரு வாரத்தைத் தாண்டிவிடுவார். ஆங்கிலேயர் ஜான் ஹார்வுட் 1924-ல் இதைக் கைக்கடிகாரத்துக்குக் கொண்டுவந்து சுவிஸ் காப்புரிமை பெற்றார். 1931-ல் ரோலக்ஸ், உள்ளே ஆடிச் சாவி ஏற்றும் எடையான ரோட்டாரை முழு வட்டமாகச் சுற்றவிட்டது. எந்தப் பக்கம் சுற்றினாலும் சாவி ஏறும்படியான ஒரு சிறு நெம்புகோலை 1959-ல் சீக்கோ கண்டது. 1961-ல் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி., பின்னாளில் காஞ்சன், ரஜத் என்று ஆட்டோமேட்டிக்குகளையும் நம் மாமாக்களின் கையில் ஏற்றியது. பர்மா பஜார் வழியே வந்த சீக்கோ 5 பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1996 முதல் அதில் வந்த 7எஸ்26 இயந்திரத்துக்குத் திருகிச் சாவி கொடுக்கவே வழி கிடையாது. குலுக்கினால் உண்டு, இல்லையேல் இல்லை.

இனி கள நிலவரம். சுழலும் இயந்திரத்தின் அருகே கையில் வாட்ச், மோதிரம் கூடாது என்பது லேத்தில் கை வைக்குமுன் சொல்லித்தரும் பாடம். ஆகவே காக்களூர் சிட்கோவிலும் கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லிலும் எட்டு மணி நேரம் ஓயாமல் ஆடும் கைகளில் வாட்ச் இருப்பதில்லை. அது லாக்கரில், டிபன் கேரியரின் மேல் படுத்திருக்கிறது. வாட்ச் கட்டியிருப்பவர் கண்ணாடி அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடும் அதிகாரி. அவர் கையெழுத்துப் போடுவதோ வலது கையால், வாட்ச் இருப்பதோ இடது கையில். ஒரு தொழிற்பேட்டையே சேர்ந்து உற்பத்தி செய்யும் கையாட்டத்தில் ஒரு துளிகூட வாட்சுக்குப் போய்ச் சேராத இந்த அவலத்தைப் பொருளாதார அறிஞர்கள் ஏன் கவனிக்கவில்லை என்று தெரியவில்லை. திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம் வழியாகப் போகும் பஸ்ஸின் குலுக்கல் ஒன்றுதான் இரு தரப்புக்கும் சமமாகக் கிடைக்கிறது.

இந்தக் குறையைத் தீர்க்கவே வீட்டில் செய்யும் வைண்டர், அதாவது கையில் இல்லாத வாட்சைச் சுற்றிச் சாவி ஏற்றும் கருவி. விலைக்கும் கிடைக்கும். ஆனால் பிட்டராக ரிட்டயர் ஆன ஒருவரிடம் அதைச் சொல்லிப் பார்க்கக் கூடாது. அவர் காயலான் கடைக்குப் போய், செத்துப்போன மைக்ரோவேவ் ஓவனின் தட்டைச் சுழற்றும் மோட்டாரைக் கழற்றி வருவார். 4 வாட், நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு நிமிடத்துக்கு 5 சுற்று. மூன்று இஞ்ச் பிவிசி பைப்பில் ஒரு துண்டு, ஒரு எண்ட் கேப், வாட்சைச் சுற்றிக் கட்ட ஸ்பாஞ்ச், நிறுத்திவைக்கப் பேக்கிங் பெட்டியின் பலகை. ஷாஃப்ட் ஒரு பக்கம் சப்பையாக இருக்கும். அதற்குப் பொருந்த ஒரு நைலான் புஷ் கடைய வேண்டும். இங்கேதான் ஆய்வாளர் தலை வணங்குகிறார். நாளுக்குச் சில விநாடி முன்னே பின்னே ஓடும் வாட்சைத் தாங்கப்போகும் அந்தப் புஷ்ஷை, வெர்னியரை வெளிச்சத்தில் பிடித்து அளந்து, கொஞ்சம் லூஸ் என்று தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி கடைவார்.

ஓவனில் இருந்ததுபோலவே மோட்டாரைப் படுக்கவைத்து, வாட்சை மல்லாக்க வைத்துச் சுற்றினால் நாள் முழுக்கச் சுற்றினாலும் சாவி ஏறாது. ரோட்டார் என்பது அரைவட்ட எடை. வாட்ச் நின்றவாக்கில் சுற்றினால்தான் அந்த எடை பூமியைப் பார்த்துத் தொங்கும்; உடம்பு சுற்ற, அது சுற்றாமல் அடம்பிடிக்கும்; அந்த அடத்தில்தான் ஸ்பிரிங் இறுகுகிறது. வேகம் கூடினாலும் காரியம் கெடும். டிரில்லிங் மெஷினில் மாட்டினால் எடை வெளிப்பக்கமாக ஒட்டிக்கொண்டு வாட்சோடு சேர்ந்தே சுற்றும். மோட்டாருக்குள் காந்தம் இருப்பதால் ஒரு சாண் தள்ளி வைப்பது நல்லது. ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் வாட்ச் தலைதெறிக்க ஓடும். இன்னொரு வேடிக்கை: இந்த மோட்டார் ஒவ்வொரு முறை கரண்ட் வரும்போதும் இடமாகவோ வலமாகவோ, தன் இஷ்டத்துக்குக் கிளம்பும். சீக்கோவுக்கு இரண்டும் ஒன்றே. ஒரு திசையில் மட்டும் ஏறும் வாட்சுக்காரர் மோட்டாரின் மனநிலையை நம்பித்தான் இருக்க வேண்டும்.

நிதி ஆதாரம் பற்றி: மணிக்கு 300 சுற்று, நாளுக்கு 750 சுற்று போதும் என்று கொண்டால் இரண்டரை மணி நேரம். இரண்டு மாதத்துக்கு மோட்டார் தின்பது சுமார் 0.6 யூனிட். 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், இவ்வாய்வு தமிழக அரசின் முழு நல்கையில் நடைபெறுவதாகவே கொள்ள வேண்டும்.

பேசாமல் கையில் கட்டிக்கொள்ளக் கூடாதா என்பது எதிர்வாதம். ஒரு வாட்ச் உள்ளவர் கட்டலாம். அப்பாவின் காஞ்சனும் தன் சீக்கோவும் உள்ளவருக்கு இடது கை ஒன்றுதானே? நின்றால் திருப்பி வைத்துக்கொள்ளட்டும் என்பார்கள். தேதி காட்டும் இந்த வாட்சுகளில் இரவு 9 முதல் விடிகாலை 4 வரை தேதியைத் திருப்பக் கூடாது, பல்சக்கரம் கெடும். நைட் ஷிப்ட்காரர் விழித்திருப்பதே அந்த ஏழு மணி நேரத்தில்தான்.

எஞ்சுவது டைமர். நாள் முழுக்கச் சுற்றினாலும் ஸ்பிரிங் அறாது, வழுக்கிக்கொடுக்கும்; ஆனால் தேய்மானம் என்று ஒன்று உண்டு. எனவே கால் மணிக்கு ஒரு பல் என 96 பல் வைத்த, பிளக்கில் செருகும் டைமரை வாங்கி, பத்துப் பல்லை மட்டும் அமுக்கிவிடுகிறார்கள். அதுவும் கரண்டில் ஓடும் கடிகாரமே. மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காக ஈ.பி.காரர்கள் காலை 9 மணிக்கு நிறுத்திப் பகல் 2 மணிக்குக் கொடுக்கிறார்கள். கையிருப்பில் 40 மணி நேரம் வைத்திருக்கும் வாட்சுக்கு ஒன்றும் ஆவதில்லை. டைமர் மட்டும் ஐந்து மணி நேரம் பின்தங்கிவிடுகிறது. பிட்டர் எழுந்து வந்து, வைண்டரில் சுற்றிக்கொண்டிருக்கும் வாட்சைக் குனிந்து பார்த்து மணி தெரிந்துகொண்டு, டைமரின் தட்டைத் திருகிச் சரிசெய்கிறார்.