கேள்வி கேட்ட தெரு

1967 பிப்ரவரித் தேர்தலுக்கு முன்பு, ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டைவிட நன்றாகத் தெரிந்திருந்தது ஒரு முழக்கம். "காமராஜர் அண்ணாச்சி, கடலைப்பருப்பு விலை என்னாச்சு? பக்தவத்சலம் அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சு?" காங்கிரஸ் தலைவர் காமராஜர், முதலமைச்சர் பக்தவத்சலம் இருவர் பெயரையும் ஒருவன் சொல்வான். 'என்னாச்சு' வரும்போது தெருவே சேர்ந்து கத்தும். ராட்டையில் தார் சுற்றிக்கொண்டே கத்துவோம். பாவு நீட்டும் இடத்தில் பெரியவர்கள் இழையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது ஓரமாக நின்று கத்துவோம். காங்கிரஸ்காரர் வீட்டுத் திண்ணைக்கு முன்னால் மட்டும் குரல் தானாகவே இன்னும் ஏறிவிடும்.

பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. வீட்டுக்கு அது உண்மையான கேள்வி. 1965, 66 இரண்டும் மழை பொய்த்த ஆண்டுகள். அரிசி இல்லை, இருந்த அரிசியைத் தொட முடியவில்லை. நிலம் வைத்திருப்பவன் கேழ்வரகோ கம்போ குத்தித் தின்றான். நெசவாளிக்கு நிலம் ஏது? புடவையை அறுத்துக்கொண்டு போய் ஆரணியில் முதலாளியிடம் கொடுத்து, கூலி வாங்கி, அந்தக் கையோடு அரிசிக் கடைக்குப் போக வேண்டும். கூலி அப்படியே இருந்தது, அரிசி ஏறிக்கொண்டே போனது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கோதுமையை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா அதைக் கஞ்சியாகக் காய்ச்சினாள். அந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டு வெளியே ஓடிவந்து "அரிசி விலை என்னாச்சு?" என்று கத்தியவர்கள் நாங்கள். யாரும் எங்களுக்குக் காசு கொடுத்துக் கத்தச் சொல்லவில்லை.

முழக்கம் எங்கிருந்து வந்தது, யார் கட்டியது என்று எங்களுக்குத் தெரியாது. தறிக்கூடத்தில் ஒருவர் தி.மு.க. ஏடான முரசொலியைச் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் மிதிபலகையை மிதித்துக்கொண்டே கேட்பார்கள். அடுத்த கூடத்தில் காங்கிரஸ் ஏடான நவசக்தி. இடையில் வாக்குவாதம் மூண்டால் நாடா நின்றுவிடும். ஆரணியில் பொதுக்கூட்டம் என்றால் சித்தப்பாவும் அவர் கூட்டாளிகளும் சாயங்காலமே தறியை விட்டு எழுந்து நடப்பார்கள். திரும்பும்போது நடுநிசி தாண்டியிருக்கும். மறுநாள் முழுவதும் அந்தப் பேச்சே ஓடும். இரண்டு மணி நேரப் பேச்சைக் கேட்டு வந்து, அதில் ஒரு வரியைத்தான் சுவரில் எழுதினார்கள். மீதிப் பேச்சும் தெருவில் இருந்தது. அந்த வரிக்கு என்ன பொருள் என்று கேட்டால் சொல்ல வீட்டுக்கு ஒருவர் இருந்தார்.

சித்தப்பா தி.மு.க. 1953-இல் கைத்தறித் துணி தேங்கிப்போய் நெசவாளிகள் பட்டினி கிடந்தபோது, அண்ணாவும் அவர் கட்சிக்காரர்களும் துணி மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குக் குரல் தழுதழுக்கும். அப்பாவுக்குக் கட்சி கிடையாது. எதிர்வீட்டுத் தாத்தா காங்கிரஸ், கடைசிவரை கதர்தான் கட்டினார்.

அந்தத் தேர்தலின் பெரிய முழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே: "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்." காகிதப்பூ மணக்காது, காங்கிரஸ் சோஷலிசம் இனிக்காது என்பதும் சுவரில் இருந்தது. ஆனால் வாயில் நின்றது படிதான். துப்பாக்கிச் சூட்டில் காயம்பட்டுக் கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். கைகூப்பும் சுவரொட்டியும், படி முழக்கமும் சேர்ந்து என்ன செய்தன என்று நாடே பார்த்தது. விருதுநகரில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் காமராஜர் 1,285 வாக்குகளில் தோற்றார். எதிர்வீட்டுத் தாத்தா அன்று தறியில் இறங்கவில்லை.

அவர் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதை நான் இன்றும் சரியென்றே நினைக்கிறேன். "பள்ளிக்கூடம் கட்டுனாரு. பசங்களுக்கு மத்தியானச் சோறு போட்டாரு. அணை கட்டுனாரு. அதுல எதையாவது இப்படிப் பாட்டா கத்த முடியுமாடா?" என்னைப் பள்ளியில் உட்கார வைத்ததே அந்த மத்தியானச் சோறுதான். அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு வந்த வாயால்தான் நாங்கள் காமராஜர் அண்ணாச்சியைக் கேள்வி கேட்டோம். பருப்பு விலைக்கு எதுகை கிடைத்தது, பள்ளிக்கூடத்துக்குக் கிடைக்கவில்லை. அந்தக் காலம் பொற்காலம், முழக்கமெல்லாம் முத்து என்று யாராவது எழுதினால் எனக்கு அந்தத் தாத்தாவின் முகம் நினைவுக்கு வந்துவிடும்.

ஆனாலும் அன்றைய முழக்கத்தில் ஒன்று இருந்தது. அது ஆள்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. கேட்டுப் பழகிய தெரு, ஆட்சி மாறிய பிறகும் வாயை மூடிக்கொள்ளவில்லை.

அண்ணா முதலமைச்சரானார். மே மாதம் ரூபாய்க்கு ஒரு படி அரிசி கொடுக்கத் தொடங்கினார்கள், சென்னையிலும் கோவையிலும். எங்கள் வட ஆற்காடு மாவட்டத்துக்கு வரவில்லை. எங்கள் திண்ணையில் அப்பா சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாடா, ஒரு படி நிச்சயம்னு கத்திக்கினு திரிஞ்சியே, எங்கடா அந்தப் படி?"

"பட்டணத்துல குடுக்கறாங்கண்ணே. படிப்படியா வரும்."

"நம்ம ஊரு இன்னா வேற ராஜ்யத்துலயா கீது? இங்க எப்ப வரும்னு கேட்டுக்கினு வந்து சொல்லு."

சித்தப்பா போனார். ஆரணியில் கட்சிப் படிப்பகத்தில் கேட்டார், கிளைக் கூட்டத்தில் கேட்டார். வந்து சொன்ன பதில்கள் அப்பாவுக்குத் திருப்தியாக இல்லை. அரசாங்கத்தின் நிதி அந்தச் சுமையைத் தாங்கவில்லை; திட்டம் மாநிலம் முழுக்க விரியவே இல்லை. அண்ணாவே மனம் வருந்தினார் என்று சித்தப்பா சொல்வார். அப்பா அண்ணாவைக் குறை சொல்லவில்லை. ஆனால் சித்தப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் விடாமல் "படி என்னாச்சு?" என்று கேட்டார். அதே 'என்னாச்சு'. காமராஜரைக் கேட்ட சொல் இப்போது சொந்தத் தம்பியைக் கேட்டது. தம்பியும் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக நின்றார். முழக்கத்தைக் கத்தியவன் அந்தத் தெருவிலேயே குடியிருந்தான், அதனால் இது நடந்தது.

அரசியல்வாதிகள் அந்தப் படியிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அளவு சொன்னால் அளந்து கேட்பார்கள். அதற்குப் பிறகு வந்த பெரிய முழக்கங்களைப் பாருங்கள். 1971-இல் இந்திரா காந்தி வறுமையை ஒழிப்போம் என்றார். எவ்வளவு வறுமை, எப்போது என்று அதில் இல்லை. 1980-இல் கலைஞர் "நேருவின் மகளே வருக, நிலையான ஆட்சி தருக" என்றார். அவருடைய ஆட்சியை 1976 ஜனவரியில் கலைத்தது அதே நேருவின் மகள்தான். நெருக்கடி நிலையில் கட்சிக்காரர்கள் சிறையில் பட்ட அடியின் தழும்பு ஆறவில்லை. அத்தனையையும் ஒரே எதுகையில் மறக்கச் சொன்னது அந்த வரி. மறந்தோம். ஜனவரி மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37 தி.மு.க.-இந்திரா காங்கிரஸ் கூட்டணிக்குப் போயின. அதே ஆண்டு மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் எம்.ஜி.ஆர். திரும்பவும் வென்றார். முழக்கத்தின் ஆயுள் நான்கு மாதம்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளை ஆராய்ந்த டேனியல் ஹாலின் என்ற அறிஞர் ஒரு கணக்குப் போட்டார். 1968 அதிபர் தேர்தலின்போது வேட்பாளரின் பேச்சை இடைவெட்டில்லாமல் சராசரியாக 43 வினாடி ஒளிபரப்பினார்கள். 1988-இல் அது 9 வினாடியாகச் சுருங்கியிருந்தது. ஒன்பது வினாடியில் ஒருவர் எதிராளியைக் கேலி செய்யலாம், தன் பெயரைச் சொல்லலாம். ஒரு கூலிக் கணக்கை விளக்க முடியாது. விளக்க முடியாததை வேட்பாளரும் பேசுவதை விட்டுவிடுகிறார். பேசாதது பிறகு பிரச்சினையாகவே தெரிவதில்லை.

எங்கள் ஊரில் நான் கண்ட பெரிய மாற்றம் நீளத்தில் இல்லை. 1967-இன் முழக்கமும் குட்டைதான். கேள்வி திரும்பிவிட்டது என்பதுதான் மாற்றம். 2014, 2016 தேர்தல் மேடைகளில் ஜெயலலிதா "செய்வீர்களா? நீங்கள் செய்வீர்களா?" என்று கேட்டார். கூட்டம் "செய்வோம்" என்றது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது; அவருடைய குரலுக்கு அந்த ஆற்றல் இருந்தது, மறுக்க மாட்டேன். ஆனால் கேட்பவர் யார், வாக்குக் கொடுப்பவர் யார் என்று பாருங்கள். முதலமைச்சர் கேட்கிறார், பட்டினிக் கூலிக்காரி வாக்குறுதி தருகிறாள். 'என்னாச்சு' என்று ஆள்பவரைக் கேட்டு வளர்ந்த தெரு, 'செய்வோம்' என்று பதில் சொல்லும் தெருவாகியிருந்தது. 'மோடியா, லேடியா' என்ற அவருடைய இன்னொரு வரியும் கேள்விதான். அதற்கும் நாம்தான் விடை சொல்ல வேண்டியிருந்தது. 2014-இல் 37 தொகுதிகள் அந்த விடையைச் சொல்லின, ஆரணியும் அதில் ஒன்று.

2021-க்குள் முழக்கம் கட்டுவது தனித் தொழிலாகிவிட்டது. பிரசாந்த் கிஷோரின் ஐ-பேக் நிறுவனம் தி.மு.க.வுக்கு வேலை செய்தது. 'ஸ்டாலின்தான் வாராரு' பாட்டு ஆட்டோவிலும் கைப்பேசியிலும் ஒரு நாளைக்கு எத்தனை முறை ஒலித்தது என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். எதிரணி 'வெற்றிநடை போடும் தமிழகமே' என்றது. என் தம்பி மகன் அந்தத் தேர்தலில் ஒரு கட்சிக்குக் கைப்பேசி வேலை பார்த்தான். காலையில் சென்னையிலிருந்து படமும் வரியும் வரும். அவன் அதை ஊரில் உள்ள குழுக்களுக்கெல்லாம் அனுப்புவான். "இதுக்கு இன்னாடா அர்த்தம்? நம்ம தறிக்கு இன்னா செய்வாங்களாம்?" என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியாது பெரியப்பா. மேல இருந்து வருது" என்றான். நல்ல பிள்ளை, பொய் சொல்லவில்லை. அவனைக் கேட்டுப் பயனில்லை என்பதுதான் எனக்கு வலித்தது. மாநிலமெங்கும் வென்ற அந்தப் பாட்டு ஆரணித் தொகுதியில் வெல்லவில்லை, இங்கே அ.தி.மு.க.வின் சேவூர் ராமச்சந்திரன் ஜெயித்தார். ஆகவே பாட்டு கேட்டவர்களெல்லாம் மயங்கிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை.

கேட்கும் பழக்கம் அடியோடு செத்துவிடவும் இல்லை. குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் என்று தேர்தல் அறிக்கையில் அளவு சொல்லி எழுதியிருந்தார்கள். பாட்டு மறந்துபோனது, அந்த ஆயிரத்தைப் பெண்கள் மறக்கவில்லை. ரேஷன் கடை வரிசையில், நூறு நாள் வேலையில், 'ஆயிரம் என்னாச்சு?' என்று இரண்டு வருடம் கேட்டார்கள். 2023 செப்டம்பரில் அது வந்தது, சுமார் 1 கோடியே 6 லட்சம் பேருக்கு. தகுதி என்று ஒரு வடிகட்டி வைத்ததால் விடுபட்டவர்கள் மேல்முறையீட்டு மனுவோடு நின்றார்கள். அளவு சொல்லப்பட்ட வாக்கு அளந்து கேட்கப்படுகிறது, 1967 போலவே. அதே 2023-இல் கைத்தறிக்கு இலவச மின்சாரத்தை 200 யூனிட்டிலிருந்து 300 ஆக்கினார்கள். எங்கள் வீட்டு மின்கட்டணச் சீட்டில் அது தெரிந்தது, நன்றியோடு சொல்கிறேன்.

ஆனால் தறியைக் கொல்வது மின்கட்டணம் இல்லை. அதை ஒரு வரியில் சொல்லவும் முடியாது.

2024 தேர்தலில் ஒரு வேட்பாளரின் வண்டி எங்கள் தெருமுனையில் நின்றது. பாட்டு முடியும்வரை நின்றது. வேட்பாளர் கும்பிட்டார். என் தம்பி மனைவி தறியிலிருந்து எழுந்து போய், "பவர்லூம் புடவையக் கைத்தறின்னு விக்கிறாங்களே, அதுக்கு இன்னா செய்வீங்க?" என்று கேட்டாள். ஒலிபெருக்கியில் அது கேட்டிருக்காது. வண்டி நகர்ந்தது. பின்னால் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு வந்த பையன் மட்டும் நின்றான். வெளியூர்ப் பையன், மரியாதை தெரிந்தவன்.

"அக்கா, அதை ஒரே வரியில கேமராவப் பார்த்துச் சொல்ல முடியுமா?"

"முடியாது தம்பி. உள்ள வா, உக்காரு. சொல்றேன்."

அவன் வந்து தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்தான். அவள் கோரா என்னும் பட்டு நூலின் விலையில் தொடங்கினாள். கோரா ஏறுகிறது, ஜரிகை ஏறுகிறது, முதலாளிக்குக் கட்டுப்படியாகவில்லையென்றால் பாவு தருவதைத் தள்ளிப்போடுகிறார். அவள் நாள்கணக்கில் உட்கார்ந்து நெய்யும் புடவைக்குப் பக்கத்தில், விசைத்தறியில் மளமளவென்று ஓடி விழுந்த புடவையை ஆரணிப் பட்டு என்ற அதே பெயரில் கடையில் அடுக்குகிறார்கள். புவிசார் குறியீடு இருக்கிறது, வாங்க வருகிறவருக்குத் தெரியாது. புடவை உள்ளிட்ட சில ரகங்களைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. முதலில் 22 ரகம், 1996-இல் அதை 11 ஆகக் குறைத்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம்கூட அந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. சோதனைக்கு எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை வழக்குப் போட்டார்கள் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. அவளுடைய மகள் தறியில் உட்காரவில்லை. விடியுமுன் செய்யாறு சிப்காட்டுக்குக் காலணி தைக்கக் கம்பெனிப் பேருந்தில் போகிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது, மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது.

பையன் படம் பிடிப்பதை நிறுத்தியிருந்தான். கைப்பேசியில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தான்.

"அந்தச் சட்டம் எந்த வருசம்க்கா?"

"எம்பத்தஞ்சு" என்றாள். "எழுதிக்க. எழுதிக்கினு போயி, அந்தச் சட்டம் என்னாச்சுன்னு உங்க ஆளுங்களக் கேட்டுக்கினு வா."