இடித்துரைப்போருக்கு ஐந்து நிலை உரிமம்

பெறுநர்:
உயர்திரு தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்,
நியாமக் பவன், அணுசக்தி நகர், மும்பை.

பொருள்: அணுமின் நிலையங்களின் குறைகளை வெளியே சொல்லும் பணியாளர்களை அணு உலைகளுக்கு இணையான கண்டிப்புடன் முறைப்படுத்துதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய வாரியத்தாருக்கு,

1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம் நடுவணரசுக்கு அளித்த அதிகாரத்தின்கீழ் 1983 நவம்பர் 15 அன்று ஓர் ஆணையின் வழியே தோன்றி, அணுமின் நிலையங்கள் முதல் சிற்றூர் மருத்துவமனைகளின் எக்ஸ்ரே கருவிகள் வரை கதிர்வீச்சு புழங்கும் இடமெல்லாம் பாதுகாப்பு விதிகள் காக்கப்படுகின்றனவா என்று பார்க்கும் பொறுப்பை ஏற்ற வாரியம், நாற்பதாண்டுகளுக்கும் மேலாகப் பெற்றுவரும் வசைகளுக்கு ஈடாக ஒரு பாராட்டையேனும் பெற்றாக வேண்டும் என்னும் நல்லெண்ணமே இக்கடிதத்தின் தூண்டுதல். இடித்துரைக்கும் பெரியோரைத் துணையாகக் கொள்வதை அரசனுக்கு இலக்கணமாக வகுத்த பழைய மரபை, இடித்துரைப்பவரின் கல்விச் சான்றிதழை முதலில் சரிபார்க்கும் புதிய மரபாக வளர்த்தெடுத்ததில் அணுசக்தித் துறைக்கு உள்ள பங்கு இன்னும் உரியவாறு பதிவு செய்யப்படவில்லை.

வாரியத்தின் அமைப்பே முதலில் போற்றுதலுக்குரியது. வாரியம் தன் செயல்பாடுகளுக்கு அணுசக்தி ஆணையத்திடம் பதில் சொல்லிவந்திருக்கிறது. அந்த ஆணையத்தின் தலைவராக இருப்பவர் அணுசக்தித் துறையின் செயலாளர். வாரியத்தின் ஆய்வுக்கு உட்பட வேண்டிய இந்திய அணுமின் கழகமோ அதே துறையின் கீழ் இயங்கும் நிறுவனம். விடைத்தாள் திருத்துபவருக்குத் தேர்வெழுதும் மாணவனின் தந்தையே சம்பளம் வழங்கும் இவ்வேற்பாட்டில் தேர்ச்சி விகிதம் உயர்ந்து நிற்பதில் வியப்பில்லை. 1981இல் மெக்கோனி குழுவும் 1997இல் ராஜா ராமண்ணா குழுவும் ஒழுங்குமுறை அமைப்புக்கு வலுவான சட்ட அடிப்படை வேண்டுமென்று பரிந்துரைத்ததையும், அதற்காக 2011இல் மக்களவையில் அறிமுகமான ஒழுங்குமுறை ஆணைய மசோதா 2014இல் அவையின் ஆயுளோடு காலாவதியானதையும், அவசரமின்மை என்னும் நிருவாகப் பண்பின் சான்றுகளாகவே கொள்ள வேண்டும்.

இப்பண்பை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2012இல் வெளியிட்ட அறிக்கை சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. கதிர்வீச்சுப் பாதுகாப்புக் கொள்கை ஒன்றை வகுக்க வேண்டுமென்பது 1983ஆம் ஆண்டின் ஆணையிலேயே இருந்தும் ஏறத்தாழ முப்பதாண்டுகளாக அது எழுதப்படவில்லை என்றும், நாட்டிலிருந்த 57,443 மருத்துவ எக்ஸ்ரே கருவிகளில் 5,270 மட்டுமே பதிவு பெற்றிருந்தன என்றும், விதிகளை மீறுவோருக்கு விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சம் 500 ரூபாய் என்றும் அவ்வறிக்கை குறை கூறியது. ஐந்நூறு ரூபாய்க்கு அஞ்சித் திருந்தும் அளவுக்கு நேர்மையாளர்களே இத்துறையில் நிறைந்துள்ளார்கள் என்ற வாரியத்தின் நம்பிக்கையைத் தணிக்கையாளர்கள் கணக்கில் எடுக்கத் தவறிவிட்டனர்.

பாதுகாப்புக் கொள்கை எழுதப்படாதிருந்த அதே காலத்தில், பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோர் எத்தகையவராக இருக்க வேண்டும் என்பதற்கான இலக்கணமோ மிகத் துல்லியமாக உருவாகிவிட்டது. 1994 ஜூன் மாதத்தில் பெய்த கனமழையில் குஜராத்தின் காக்ராபார் அணுமின் நிலையத்தின் டர்பைன் கட்டடத்துக்குள், அதாவது நீராவியைக் கொண்டு மின்னாக்கிகளைச் சுழற்றும் பகுதிக்குள், வெள்ளம் புகுந்தது. அங்கு பணியாற்றிய தொழிலாளி ஒருவர் இதைக் குறித்து ஒரு நாளிதழுக்குக் கடிதம் எழுதினார், கடிதம் அச்சானது, அவர் தற்காலிகப் பணிநீக்கத்துக்கும் துறைவிசாரணைக்கும் உட்பட்டு, இறுதியில் பணியிலிருந்தே நீக்கப்பட்டார். நிகழ்வுக்கு ஏறத்தாழ 19 ஆண்டுகள் கழித்து, 2013 ஏப்ரலில், அவருடைய மேல்முறையீட்டை ஏற்க மறுத்த உச்ச நீதிமன்றம், அவர் பன்னிரண்டாம் வகுப்பு வரை மட்டுமே பயின்றவர், பொறியாளரோ அணுமின் நிலையங்களின் இயக்கத்தில் வல்லுநரோ அல்லர் என்று சுட்டியதோடு, நிறுவனத்துக்குள்ளிருந்து தவற்றை வெளிப்படுத்துபவர் என்ற தகுதிக்கு வேண்டிய உயர்ந்த அறநெறி அளவுகோலை அவருடைய நடத்தை எட்டவில்லை என்றும் கூறியது. மேல்நிலைக் கல்வி மட்டுமே பெற்றவரின் கண்ணுக்கு வெள்ளம் தெரியக்கூடாது என்று தீர்ப்பு எங்கும் சொல்லவில்லை. தெரிந்ததை வெளியே சொல்லும் தகுதியைப் பற்றி மட்டுமே அது பேசியது.

இத்தெளிவை ஒரு வழக்கோடு நிறுத்திவிடாமல் ஒழுங்குமுறையாக விரிவாக்க வேண்டும் என்பதே இக்கடிதத்தின் பணிவான முன்மொழிவு. அணு உலை ஒன்றுக்குத் தலத்தேர்வு, கட்டுமானம், செயல்தொடக்கம், இயக்கம், இறுதியில் உலையை மூடிக் கலைத்தல் என்று வாரியம் படிப்படியாக இசைவளிப்பதைப் போலவே, இடித்துரைப்போருக்கும் ஐந்து நிலை உரிமம் வழங்கலாம். மக்கள் நெருக்கம் மிகுந்த இடத்தில் உலையை நிறுவ இசைவு கிட்டாததைப் போல, நாளிதழ் அலுவலகங்கள், நீதிமன்றங்கள், தபால்பெட்டிகள் ஆகியவற்றிலிருந்து போதிய தொலைவில் வசிப்பவருக்கே முதல் நிலையாகிய தலத்தேர்வு இசைவு வழங்கப்பட வேண்டும். இரண்டாம் நிலையாகிய கட்டுமானத்தில் அவருடைய பட்டங்கள், பட்டயங்கள், குடும்பத்தாரின் பட்டங்கள் ஆகியன அடுக்கடுக்காகச் சரிபார்க்கப்பட வேண்டும். உண்மையான எரிபொருளை இடுவதற்குமுன் போலி எரிபொருளை இட்டு உலையை ஓட்டிப்பார்க்கும் வழக்கத்தையொட்டி, மூன்றாம் நிலையில் உணவகத் தேநீரின் தரம் குறித்து அவரை ஒரு மாதிரிப் புகார் எழுதச் செய்து, அதன் நகல் எங்கும் கசியவில்லை என்றும் அதை எழுதும்போது அவர் உள்ளத்தில் விளம்பர ஆசை சிறிதும் எழவில்லை என்றும் குழு ஒன்று உறுதிசெய்ய வேண்டும். நான்காம் நிலையாகிய இயக்க உரிமம் ஐந்தாண்டுகளுக்கு மட்டும் செல்லத்தக்கது என்பதால், புதுப்பிப்பு விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளபோது அவர் பேசினால் அது உரிமமற்ற பேச்சாகும். ஐந்தாம் நிலைக்குப் புதிய விதிகள் தேவையில்லை. நாட்டில் இதுவரை எந்த அணுமின் உலையும் முழுமையாகக் கலைக்கப்பட்டதில்லை எனினும், பேசிய பணியாளரை அகற்றுவதில் துறைக்குப் போதிய பட்டறிவு இருக்கிறது.

கல்வித்தகுதி ஒன்றே சிக்கலாக இருந்தால், அதைத் தீர்க்க வாரியத்தின் வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1993 முதல் 1996 வரை வாரியத்தின் தலைவராக இருந்த அ. கோபாலகிருஷ்ணன் அணுப் பொறியியலாளர். அணுசக்தித் துறையின் அமைப்புகளில் சரிசெய்யப்பட வேண்டிய 134 பாதுகாப்புச் சிக்கல்களைப் பட்டியலிட்ட ஆவணத்தை 1995இல் அவருடைய தலைமையில்தான் வாரியம் உருவாக்கியது. பதவிக்காலம் முடிந்தபின் அவர் வெளிப்படையாகப் பேசியதைத் தொடர்ந்து, அந்த ஆவணத்தைக் கேட்டு மக்கள் சிவில் உரிமைக் கழகம் முதலிய அமைப்புகள் நீதிமன்றத்தை நாடின. அணுசக்தி தொடர்பான தகவல்களை வெளியிடாமல் தடுக்க நடுவணரசுக்கு அதிகாரமளித்த 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு செல்லும் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் கூறியதால், கோரிக்கை அத்துடன் முடிந்தது. தொழிலாளி பேசினால் தகுதி போதவில்லை. வாரியத்தின் தலைவர் பேசினால் தகுதி குறையின்றி இருக்கிறது, ஆவணந்தான் இரகசியமாகிவிடுகிறது. இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் சட்டப்படி பேசக்கூடியவர் எந்தப் பதவியில் இருப்பார் என்பதை வாரியம் ஒரு சுற்றறிக்கையால் தெளிவுபடுத்தினால், அப்பதவிக்கான காலியிடத்தைப் பலர் தவிர்க்க ஏதுவாகும்.

தனியொருவருக்குப் பதிலாகச் சங்கமாகப் பேசினால் என்னாகும் என்பதற்குச் சான்று கல்பாக்கத்தில் உள்ளது. பயன்படுத்திய எரிபொருளிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் அங்குள்ள மறுசெயலாக்க ஆலையில் 2003 ஜனவரி 21 அன்று ஆறு பணியாளர்கள் வரம்பை மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். பாதுகாப்புக் கோரிக்கைகளை எழுதிக்கொடுத்த ஊழியர் சங்கத்தின் முன்னணியினர் இடமாற்ற ஆணைகளைப் பெற்றனர். பொதுமக்களுக்குச் செய்தி எட்டச் சில மாதங்கள் ஆயின. இவ்விடத்தில் வாரியத்தைக் குறைசொல்வது அறிவுடைமையாகாது. அவ்வாலை உள்ளிட்ட பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அமைப்புகள் 2000ஆம் ஆண்டிலேயே வாரியத்தின் கண்காணிப்பு எல்லைக்கு வெளியே எடுத்துச் செல்லப்பட்டிருந்தன. கண்காணிக்க வேண்டிய இடம் குறையக் குறையக் கண்காணிப்பின் தரம் கூடும் என்ற கொள்கையின்படி, அவ்வாண்டில் வாரியம் தன் உச்சத்தை நெருங்கியிருந்தது என்றே கொள்ளலாம்.

அணுப் பாதுகாப்பில் அடுக்குப் பாதுகாப்பு என்றொரு கோட்பாடு உண்டு. ஒரு தடுப்பு உடைந்தாலும் அடுத்தது தாங்கும் வகையில் எரிபொருளின் உறை முதல் உலையைச் சூழ்ந்த கான்கிரீட் கூடு வரை பல தடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அமைப்பதே அது. இக்கோட்பாடு உலைகளைவிடத் தகவல்களுக்கே செம்மையாகப் பொருந்தியிருக்கிறது. முதல் அடுக்கு பணியாளர் நடத்தை விதிகள். இரண்டாவது 1923ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டம். மூன்றாவதாக நின்றது 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. நெடுஞ்சாலைத் திட்ட ஊழலைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதித் தம் பெயரை வெளியிட வேண்டாமெனக் கேட்டுக்கொண்ட பொறியாளர் சத்யேந்திர துபே 2003இல் கொல்லப்பட்ட பின்னர், நடுவண் கண்காணிப்பு ஆணையம் புகார்களைப் பெற்றுப் பெயரைக் காக்கும் வகையில் 2004இல் ஓர் அரசுத் தீர்மானம் வந்தது. அதற்குச் சட்ட வலு தரும்பொருட்டு 2014இல் நிறைவேறிய தகவல் வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டமோ, குடியரசுத் தலைவரின் இசைவு பெற்றுப் பத்தாண்டுகள் கடந்தும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. கட்டி முடித்த உலையை இயக்காமல் வைத்திருப்பதே மிகப் பாதுகாப்பானது என்பதால், பாதுகாப்புச் சட்டத்தையும் இயக்காமல் வைத்திருப்பதில் ஒருவகைத் தருக்க ஒழுங்கு இருக்கிறது.

மறுப்பறிக்கைகளின் அரை ஆயுளையும் வாரியம் ஆராய வேண்டும். கதிரியக்கப் பொருள் பாதியாகத் தேய்வதற்கு ஆகும் காலத்தையே அரை ஆயுள் என்பர். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினிகளில் தீநிரல் புகுந்ததாக வந்த செய்திக்கு, அங்கு சைபர் தாக்குதல் நடப்பதற்கே வழியில்லை என்று 2019 அக்டோபர் 29 அன்று நிலையத்தின் மறுப்பு வெளிவந்தது. மறுநாளே, நிருவாக வலைப்பின்னலில் இணைந்த கணினி ஒன்றில் தீநிரல் இருந்தது உண்மை என்றும் செப்டம்பர் 4 அன்றே தகவல் கிடைத்தது என்றும் அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. புளூட்டோனியம்-239இன் அரை ஆயுள் ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் என்னும் நிலையில், ஒரே நாளில் தேய்ந்துபோகும் மறுப்பு சுற்றுச்சூழலுக்கு உகந்ததே.

அயல்நாட்டு முன்மாதிரிகளைத் தேடுவதானால் ஜப்பானை விட்டுவிட முடியாது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்காக ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையத்தில் ஆய்வு நடத்திய கெய் சுகவோகா, நீராவி உலர்த்தியில் கண்ட வெடிப்புகள் மறைக்கப்பட்டதை 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசுக்கு எழுதியபோது, புகாரை ஆராய வேண்டிய அதிகாரிகள் அவருடைய பெயரை, புகாருக்கு உள்ளான டோக்கியோ மின் நிறுவனத்துக்கே தெரிவித்தனர். 2002இல் உண்மை வெளிப்பட்டு நிறுவனத்தின் தலைமை பதவி விலகியது. 2003 ஏப்ரலுக்குள் அதன் 17 உலைகளும் ஆய்வுக்காக நிறுத்தப்பட்டன. அணுமின்சாரத்தை வளர்க்கும் அமைச்சகத்தின் கீழேயே ஒழுங்குமுறை முகமை இருந்த நிலை மட்டும் மாறாமல் தொடர்ந்து, அதே ஃபுகுஷிமா நிலையத்தில் 2011இல் நேர்ந்த பேரழிவுக்குப் பிறகு, 2012 செப்டம்பரில் அம்முகமை கலைக்கப்பட்டது. நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு அவ்விபத்தை மனிதர் விளைத்த பேரழிவு என்றே வகைப்படுத்தியது. கண்காணிப்பவரும் கண்காணிக்கப்படுபவரும் ஒரே கூரையின்கீழ் இருப்பதன் பயனை அறிய இவ்வளவு செலவு செய்த நாடு, பாடத்தை மற்ற நாடுகளுக்கு இலவசமாகவே வழங்கியுள்ளது.

2025 டிசம்பரில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்திச் சட்டம் 1962ஆம் ஆண்டுச் சட்டத்தை அகற்றி, வாரியத்துக்கு முதன்முறையாகச் சட்டத் தகுதி அளித்து, அணுமின் உற்பத்தியைத் தனியாருக்கும் திறந்துவிட்டிருக்கிறது. புகாரளிப்போரின் பெயரைக் காக்கும் 2004ஆம் ஆண்டுத் தீர்மானமோ நடுவணரசு அலுவலகங்களையும் அதன் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனங்களையும் பற்றிய புகார்களுக்கு மட்டுமே உரியது. இயக்கத்துக்கு வராத 2014ஆம் ஆண்டுச் சட்டமும் பொது ஊழியர்களின் முறைகேடுகளையே கருதியது. ஆகவே தனியார் உலை ஒன்றில் விரிசலைக் காணும் பணியாளர் நிறுவனச் சட்டம் வகுத்த உள்முறையின்படித் தம் நிறுவனத்தின் தணிக்கைக் குழுவிடமே முறையிடும் நிலைக்கு வந்து சேர்வார். அரசுத் துறையில் பல பத்தாண்டுகள் பாடுபட்டு எட்டிய நிலையைத் தனியார் துறை முதல் நாளிலேயே எட்டிவிடும்.

மேற்கண்ட முன்மொழிவு பணிச்சுமை காரணமாக வாரியத்துக்கு ஏற்புடையதாக இல்லையெனில், அதற்கு மாற்றாக எளிய ஏற்பாடு ஒன்றும் உண்டு: பணியாளரின் புகாரை நிருவாகத்தின் வழியே அல்லாமல் நேரே பெறுவதற்கு வாரியத்திலேயே ஓர் அலுவலரை அமர்த்துதல், புகார் அளித்தவரின் பெயரை வெளியிட்ட அலுவலருக்கும் பழிவாங்கிய நிருவாகத்துக்கும் 500 ரூபாயைவிடச் சற்றுக் கூடுதலான தண்டனையை விதித்தல், ஒவ்வொரு புகாரின்மீதும் எடுத்த முடிவை ஆண்டறிக்கையில் அச்சிடுதல், 1995ஆம் ஆண்டின் 134 சிக்கல்களில் எவை எப்போது தீர்க்கப்பட்டன என்பதைப் பொதுமக்கள்முன் வைத்தல். இவற்றில் எதற்கும் பாதுகாப்பு இரகசியம் எதையும் வெளியிட வேண்டியதில்லை. புகாரின் உண்மையை உலையில் சோதிக்கும் வழக்கம் வந்துவிட்டால், புகார் அளித்தவரின் உள்ளத்தைச் சோதிக்கும் உழைப்பும் மிச்சமாகும்.

இவ்வேண்டுகோளை முன்வைப்போர் பொறியாளர்களோ வல்லுநர்களோ அல்லர் என்பதால் தகுதிக் குறைவைக் காட்டி வாரியம் இதைத் தள்ளிவிட இயலும். எனினும், விபத்து நேர்ந்தால் மக்களைப் பாதுகாக்க வேண்டிய எல்லையாக ஒவ்வோர் அணுமின் நிலையத்தைச் சுற்றியும் 16 கிலோமீட்டர் வட்டம் வரையப்பட்டிருக்கிறது. அவ்வட்டத்துக்குள் வாழ்வோரை வீட்டைவிட்டு வெளியேற்றும் நாளில் எவரிடமும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் கேட்கப்போவதில்லை என்பதை வாரியம் தன் கோப்பில் பதிவு செய்துகொள்ளுமாறு வேண்டப்படுகிறது.

இங்ஙனம்,
வட்டத்துக்குள் குடியிருப்போர்