வேடியப்பனுக்கு ஒரு படக்கதை

எண்பதுகளில் அரூர்ப் பக்கம் வளர்ந்த எங்கள் செட்டுக்குச் சாகச வீரர்கள் எல்லாம் பஸ்ஸில்தான் வந்து இறங்கினார்கள். பேருந்து நிலையக் கடையில் நாளிதழ்களுக்கு மேலே சணல் கயிறு கட்டி, அதில் காமிக்ஸ் இதழ்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார் கடைக்காரர். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த 'இரும்புக்கை மாயாவி', அண்ணன்மார் படித்து முடித்து, அட்டை போய், பசை போட்டு ஒட்டிய நிலையில் எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது. 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் தொடங்கின. ராணி காமிக்ஸ் ஒன்றரை ரூபாய். ஒருவன் வாங்கினால் தெருவே படிக்கும்.

இரும்புக்கை மாயாவிக்கு வல்லமை தந்தது மின்சாரம். விரலை பிளக்கில் வைத்தால் ஆள் மறைந்துவிடுவார், கை மட்டும் தெரியும். ராணி காமிக்ஸில் வந்த முகமூடி மாயாவியின் கதை வேறு. 1936இல் அமெரிக்காவில் லீ ஃபாக் படைத்த அந்த வீரருக்கு மந்திரமும் கிடையாது, எந்திரமும் கிடையாது. தந்தை இறந்தால் மகன் அதே முகமூடியை அணிந்து, குலத்தின் முதல் எதிரியின் மண்டையோட்டின்மேல் சத்தியம் செய்து, காட்டைக் காக்கக் கிளம்புவான். இப்படி இருபத்தோரு தலைமுறை. காட்டு மக்களோ நானூறு ஆண்டுகளாக ஒரே ஆள்தான் சாகாமல் உலவுகிறார் என்று நம்புவார்கள். வல்லமையைவிடப் பெரியது வாரிசுப் பொறுப்பு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் புத்தகம் அதுதான்.

பெங்களூரில் வேலை பார்த்த சித்தப்பா ஒருமுறை பழைய ஆங்கில காமிக்ஸ்களை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்தார். அதில்தான் தோர் அறிமுகம். டொனால்ட் பிளேக் என்ற கால் ஊனமான மருத்துவர், நார்வே நாட்டுக் குகை ஒன்றில் ஒரு கைத்தடியைக் கண்டெடுக்கிறார். அதைத் தரையில் தட்டினால் தடி சம்மட்டியாகிறது, மருத்துவர் இடிக்கடவுளாகிறார். ஸ்டான் லீ, லாரி லீபர், ஜாக் கிர்பி மூவரும் 1962இல் தொடங்கிய கதை. தகுதி உள்ளவன் எவனோ அவனுக்கே தோரின் ஆற்றல் என்று அந்தச் சம்மட்டியில் பொறித்திருக்கும். அதற்கும் முன்னால் 1940இல் வந்த கேப்டன் மார்வெல் கதையில், பில்லி பேட்சன் என்ற அநாதைச் சிறுவன் ஒற்றைச் சொல்லை உச்சரித்ததும் ஹெர்குலிஸின் பலமும் சியூஸின் ஆற்றலும் அவனுக்குள் இறங்கிவிடும். கடவுளின் சொத்து சாதாரண மனிதன் கைக்கு வருவது எங்களுக்குப் பெரிய போதையாக இருந்தது. எங்களுக்கு யார் தருவார், எந்தக் குகையில் தருவார் என்பதே பேச்சு.

அப்படித் தரும் காட்சி எங்கள் ஊரிலேயே நடந்தது. திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவில் அர்ச்சுனன் தபசு அன்று, வேடம் கட்டிய கூத்துக்காரர் வானளாவிய தபசு மரத்தில் பாட்டுப் பாடியபடி ஒவ்வொரு படியாக ஏறுவார். உச்சியில் பூசை செய்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். கீழே குழந்தை வரம் கேட்டு நிற்கும் பெண்கள் முந்தானையை ஏந்துவார்கள். சிவன் வேடனாக வந்து அர்ச்சுனனோடு மல்லுக்கு நின்று, அவன் வீரத்தை அளந்து பார்த்த பிறகே பாசுபதம் தருவார். சம்மட்டியில் பொறித்த தகுதிக்கும் இந்த மல்லுக்கும் சாரம் ஒன்றுதான். அஸ்திரம் சும்மா வராது.

ஆனால் எங்கள் மாவட்டத்தின் சொந்தக் கதை இவை எல்லாவற்றையும் தலைகீழாகத் திருப்பிப் போடுகிறது. ஏரிக்கரையில், புளியமரத்தடியில், மானாவாரிக் காட்டின் வரப்பில் மூன்று பக்கமும் பலகைக் கல் நிறுத்தி, நடுவில் ஒரு கல் நிற்கும். அதில் வில்லும் வாளும் ஏந்திய ஓர் ஆள். அவர்தான் வேடியப்பன். பொங்கல் வைப்பார்கள், சேவல் அறுப்பார்கள், பிள்ளை பிறந்தால் வேடியப்பன் என்றும் வேடியம்மாள் என்றும் பெயர் வைப்பார்கள். எங்கள் ஆயா அந்தக் கல்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இந்த அப்பனும் ஒரு காலத்துல நம்மளாட்டம் மனுசன்தான்டா. ஊரு மாட்டை ஓட்டிக்கிட்டுப் போனவங்களை மறிச்சு நின்னு செத்தான். அதான் சாமியா நிக்கிறான்."

ஆயா சொன்னதுதான் வரலாறு. அவை நடுகற்கள். அன்று செல்வம் என்றால் மாடு. ஆநிரை கவர வந்தவர்களை எதிர்த்து மீட்டு உயிர்விட்டவனுக்கு ஊர் எடுத்த கல். கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று தொல்காப்பியம் அதற்கு முறையே வகுத்திருக்கிறது. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியே போரில் மாண்டு கல்லானவன். அவன் கல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் படைத்ததை ஔவையார் புறநானூற்றில் அழுதபடி பாடியிருக்கிறார். பல்லவர் காலக் கற்களில் வீரனின் காலருகே சிமிழும் கெண்டியும் செதுக்கியிருப்பதைப் பார்க்கும்போது, அந்தப் பழைய படையலின் நினைவு எனக்குத் தானாக வந்துவிடும்.

காமிக்ஸ் பிரியர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். முகமூடி மாயாவிக்கு ஒரு ஓநாய் துணை. பக்கத்துச் செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு நடுகல் இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போராடி மாண்டவன் கருந்தேவக்கத்தி. அவன் விழுந்த பிறகும் அகலாமல் நின்று கள்ளர்களைக் கடித்தது கோவிவன் என்ற நாய். ஆளைச் செதுக்கியவர்கள் பக்கத்திலேயே நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் கல்லில் வெட்டினார்கள். லீ ஃபாக்குக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் முன்பே வீரனும் துணைவிலங்கும் சேர்ந்த படமும் எழுத்தும் இந்த மண்ணில் ஒரே சட்டத்துக்குள் வந்துவிட்டன. பிற்காலக் கற்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. கீழ் அடுக்கில் சண்டை, நடு அடுக்கில் தேவமகளிர் வீரனை ஏந்திச் செல்வது, மேல் அடுக்கில் அவன் சிவலோகத்தில் இருப்பது. மூன்று கட்டத்தில் முடியும் முழுப் படக்கதை அது.

இன்று நிலைமை வேறு. ராணி காமிக்ஸ் 2005இல் நின்றுவிட்டது. லயனும் முத்துவும் சிவகாசியிலிருந்து வண்ணத்தாளில் வருகின்றன. சந்தாவிலும் புத்தகத் திருவிழாக்களிலும் வாங்கிப் படிக்கும் விசுவாசிகள் இருக்கிறார்கள். கயிற்றில் தொங்கிய இதழ்களுக்குப் பதில் கைப்பேசித் திரை. தோர் தமிழில் பேசுகிறார், நம் பிள்ளைகளின் பனியனில் சம்மட்டியோடு நிற்கிறார். 2014இல் அந்தச் சம்மட்டியை ஜேன் ஃபாஸ்டர் என்ற பெண் ஏந்தினார். புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தவர் அவர். மரபுரிமை ஆணுக்கு மட்டும் அல்ல என்று அந்தக் கதை துணிந்து சொன்னதை நான் மனதார மெச்சுகிறேன். ஒரு சமூகம் தன் பழைய கடவுளை எடுத்துப் புதிய தலைமுறைக்குப் புதிதாகச் சொல்வது அப்படித்தான்.

நம் பக்கம் அந்த வேலை தொடங்கவே இல்லை. தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. வெளியூர் ஆய்வாளர்கள் தேடி வருகிறார்கள். ஊருக்குள் இருக்கும் கற்களின் கதி பல வகை. சாலை அகலமாகும்போது புரட்டப்படுகிறது ஒன்று. துணி துவைக்கும் கல்லாகிறது ஒன்று. பக்தி மிகுந்து டைல்ஸ் ஒட்டி, எனாமல் பெயின்ட் அடித்து, கல்லில் இருந்த வட்டெழுத்தே மூடிப்போகிறது இன்னொன்று. கோயில் கட்டும் ஆசையில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்த எழுத்தில்தான் அவன் பெயர் இருக்கிறது, எந்த அரசன் காலம், எந்த ஆநிரையை மீட்டான் என்பது இருக்கிறது. அது போனால் வீரன் போய்விடுவான், வெறும் உருவம் மிஞ்சும்.

தோர் கதையில் முதலில் தெய்வம், பிறகு மனிதன். நம் வேடியப்பன் கதையில் முதலில் மனிதன், பிறகு தெய்வம். வானத்திலிருந்து இறங்கிய ஆற்றல் எதையும் அவன் வாரிசாகப் பெறவில்லை. தன் உயிரைக் கொடுத்து ஊருக்குத் தெய்வத்தைச் சம்பாதித்துக் கொடுத்தான். அவனுக்கு வாரிசு நாம்தான். என் மனதில் இதைவிட உயர்ந்த சூப்பர் ஹீரோ கதை கிடையாது.

ஆகவே இரண்டு வேண்டுகோள். ஓவியம் தெரிந்த தருமபுரி, கிருஷ்ணகிரி இளைஞர்களே, கோவிவன் நாயிலிருந்து தொடங்குங்கள். முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு படக்கதை போடுங்கள். தருமபுரி புத்தகத் திருவிழாவில் முதல் ஆளாக நின்று நான் வாங்குவேன். ஊர்ப் பெரியவர்களே, வேடியப்பன் கல்லுக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள், சிமென்ட் பூசாதீர்கள், இடம் மாற்றாதீர்கள். எழுத்து தெரிந்தால் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். எண்ணெயும் பூவும் பொங்கலும் அவருக்குப் போதும்.